சொல்லிவிட்டு எடுக்கவும்

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் பெரிய சிஸ்டர் அமலோற்பவம் பெண்கள் வார்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு பரீட்சை அட்டை, அட்டையில் ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த ஒரு வெள்ளைத் தாள், காலடியில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி. நோயாளிகளுக்குப் பூ கொண்டுவரலாமா கூடாதா என்று ஐந்து மணிக்குள் அந்தத் தாளில் எழுதி மாடிக்கு அனுப்ப வேண்டும். மாடியில் இரண்டு கட்சி. தொற்றுத் தடுப்பு டாக்டர் நிவேதன், பூ என்று ஒன்று உள்ளே வரவே கூடாது, தலையில் இருந்தாலும் வாசலிலேயே ஊழியர்கள் எடுத்துவிட வேண்டும் என்கிறார். சின்னப் பையன் மாதிரி முகம், ஆனால் கையில் எட்டுப் பக்கம் அச்சடித்து வைத்திருக்கிறார். நிர்வாகிக்கோ கீழே வரவேற்பறைப் பக்கத்தில் பொக்கே கடை ஒன்று வைத்துவிட வேண்டும் என்று ஆசை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இருக்கிறதாம், பளபள காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, 'விரைவில் நலம் பெறுக' என்று அட்டை சொருகி. இருவரும் இரண்டு வாரமாக முட்டி மோதிவிட்டுக் கடைசியில், பெரிய சிஸ்டர் என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். முப்பது வருஷ அனுபவம், ஒரு தப்பு கிடையாது, அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்றாராம் நிர்வாகி. ஒரு தப்பு கிடையாது. அமலோற்பவம் பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

எழுதுவதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை, அவளுக்கு எல்லாம் தெளிவு. பொக்கே வேண்டாம். இந்தத் திண்டுக்கல்லில் எவன் நோயாளிக்குப் பொக்கே கொடுத்தான்? சாத்துக்குடி வாங்கி வருவான், ஹார்லிக்ஸ் வாங்கி வருவான், பன்னும் பாலும் வாங்கி வருவான், ரொம்ப வேண்டியவன் என்றால் இளநீரைச் சீவிக்கொண்டே வருவான். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு மருமகன் மாமியாருக்குப் பொக்கே கொண்டுவந்து நீட்ட, அந்தம்மா அதை மடியில் வாங்கி இதை எப்படி உரிக்கிறது மாப்பிள்ளை என்று கேட்டது இன்னும் வார்டில் பேச்சு. தண்ணீர் ஊற்றி ஜாடியில் வைத்தால் மூன்றாம் நாள் நாறும், எறும்பு வரும், தரையில் சிந்தி எவளாவது வழுக்கி விழுவாள், எதிர்ப் படுக்கைக்காரிக்கு இளைப்பு வரும். மாலையும் வேண்டாம். குடலிறக்கம் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு சங்கத் தலைவருக்கு அவருடைய ஆட்கள் ஆளுயர ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டுப் போக, அவரும் அதோடேயே அசந்து தூங்கிவிட, பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வந்த கிழவி ஒருத்தி வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தலைவர் எழுந்து உட்கார்ந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்ட பிறகு அந்தக் கிழவிக்குத்தான் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. படுத்திருக்கிற ஆளுக்கு மாலை என்றால் நம் ஊரில் அர்த்தம் ஒன்றுதான். ஆகவே மாலை கூடாது, ஜாடி கூடாது, பொக்கே கூடாது. இவ்வளவையும் கடகடவென்று எழுதிவிட்டாள். கையெழுத்து அழகாக இருந்தது. இருக்காதா, கான்வென்ட்டில் படித்தவள்.

அடுத்தது தலைப்பூ, அங்கே பேனா நின்றது. வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஆயா செங்கமலம் தொட்டியைக் காட்டிக்கொண்டே இருந்தாள், இரண்டு வாரப் பரிசோதனை இது, கொண்டுவந்த பூவை எல்லாம் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் போய்ப் பூ கொண்டு வராதே என்றால் வேறு எதைக் கொண்டுவருவார்கள், தோட்டத்தில் விடிகாலை பறித்தது, வீட்டில் இருப்பது அதுதான். ஒரு முழம் மல்லிகை, கோயில் பிரசாதமாக வாடின துளசி, தர்காவில் மந்திரித்த ரோஜா இதழ், புனித அந்தோணியார் படத்திலிருந்து எடுத்த சம்பங்கி, எல்லாம் ஒரே தொட்டிக்குள் விழுந்து ஒன்றாகக் கிடந்தன, ஊரில் எங்கும் நடக்காத சமரசம். சாயங்காலம் இவ்வளவையும் கொட்டப் போகிறேன் என்று எடுத்துப் போகிற செங்கமலம், இரண்டு வாரமாகத் தலை கொள்ளாத பூவோடு பஸ் ஏறுகிறாள் என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும், தெரியாதது போல இருந்துகொண்டாள். பினாயில் வாசனைக்கு மேலே மல்லிகை வாசனை ஏறி வந்தது. வெறும் மல்லிகை என்றால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. மல்லிகையும் டெட்டாலும் சேர்ந்தால் மட்டும் நெஞ்சுக்குழியில் ஏதோ ஒன்று லேசாக அழுத்தும், இருபத்து மூன்று வருஷமாக அழுத்துகிறது, அது வாயு என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். தாளைப் பார்த்தாள். எழுத வேண்டியது என்னவென்று தெரியும், வருஷா வருஷம் புதுப் பெண்களுக்கு வகுப்பில் சொல்கிற கதைதான், பூக்கதை என்று அவர்களே அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். முன்பு ஒரு நர்ஸ் என்று ஆரம்பித்து எழுதினாள். ஒரு நர்ஸ். அந்தக் கடைசி இரண்டு சொல்லும் தாளிலிருந்து அவளையே பார்த்தன.

வகுப்பில் சொல்லும்போது தடுக்காது, தண்ணீராக வரும். முன்பு ஒரு நர்ஸ் இருந்தாள்மா, கெட்டிக்காரி, கை வேகம், தான் இல்லாவிட்டால் வார்டே நடக்காது என்று நினைப்பு. ஒருநாள் காலை எட்டு மணிக்குப் பூ மூட்டை ஏற்றி வந்த வேன் கவிழ்ந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவன் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் மாடிக்குப் போனான். அவளுக்கு வயிற்றில் அடி, உடனே தியேட்டர். நர்ஸ் வந்தாள், வளையலைக் கழற்றினாள், கொண்டையில் இருந்த பூவைப் பிய்த்து எடுத்தாள், ட்ரேயில் போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. படுத்திருந்தவள் அவள் முகத்தையே பார்த்தாளாம். எதற்கு எடுத்தாள் நர்ஸ்? ஆபரேஷனுக்கு. எதற்கு என்று நினைத்தாள் அவள்? இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவாள், பெண்களின் முகம் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்ப்பாள், பின்வரிசையில் எவளாவது ஒருத்தி ஐயோ என்பாள். பிறகு சொல்லுவாள், ஆகவே எதை எடுத்தாலும் சொல்லிவிட்டு எடுங்கள், அவ்வளவுதான் பாடம், எழுதிக்கொள்ளுங்கள். அவர்களும் எழுதிக்கொள்வார்கள். அந்த நர்ஸ் யார் என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அமலோற்பவம் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொல்லிக்கொண்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வகுப்பில் சொல்லாதது மீதி. அந்தப் பெண் பேர் வெள்ளைத்தாய். மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தாள். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்றார் ஒரு டாக்டர், அதிர்ச்சி என்றார் இன்னொருவர், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். நெற்றியில் பொட்டு இல்லை. தியேட்டரில் துடைத்திருப்பார்கள் என்று நினைத்து ஒரு சின்ன நர்ஸ் வைக்கப் போக, கையைத் தட்டிவிட்டாள். அப்போதும் அமலோற்பவத்துக்கு உறைக்கவில்லை. முப்பத்தொரு வயது, வெள்ளைச் சேலை, கஞ்சி போட்ட தொப்பி, வெள்ளைத்தாயின் நாடியைத் தினம் நாலு வேளை பிடித்துக் குறித்தவள் அவள்தான், எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தாறு, எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் இதே நாலு மணிக்கு ஊரிலிருந்து தங்கைக்காரி வந்தாள். நேரே மாடிக்குப் போய் மச்சானைப் பார்த்துவிட்டு, அவர் கண் முழித்துக் கஞ்சி குடித்ததைச் சொல்ல ஓடி வந்தவள், அக்கா நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றாள். சுவரைப் பார்த்தபடியே வெள்ளைத்தாய் பேசினாள், மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. "எங்கடி அடக்கம் பண்ணுனீங்க? கெணத்து மேட்டுலயா?" தங்கைக்காரி சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் புரியவில்லை, இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்கள். வெள்ளைத்தாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. ரொம்ப நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

அதற்கு மேல் நடந்ததுதான் வாயு. தங்கைக்காரி எவ பூவைப் பறிச்சா என்று வார்டே அதிரக் கேட்டாள், அப்போதைய பெரிய சிஸ்டர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார், அமலோற்பவம் மூன்றாவதாக நின்றாள், நான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், ஒன்றரை வயதுப் பிள்ளையும் வேலை நிரந்தரமாகாததும் சேர்ந்து வாயை மூடின. வெள்ளைத்தாய் வரிசையைப் பார்த்தாள். பார்வை மூன்றாவது ஆளிடம் வந்து நின்றது, நன்றாக நின்றது, பிறகு நகர்ந்தது. தெரியலம்மா, எல்லாரும் வெள்ளச் சேலையாத்தான் தெரியுது என்றாள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. மறுநாள் நாடி பிடிக்கப் போன அமலோற்பவத்திடம் அவள் கோபமாக ஒன்றும் பேசவில்லை. "எடுக்கத்தான வேணும், எடுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாம்ல. மூணு நாளு தாலியறுத்தவளாக் கெடந்தேன்." நாடி அன்றைக்கு எத்தனை என்று குறிக்க மறந்துவிட்டாள். அதன் பிறகு இருபத்து மூன்று வருஷத்தில் அமலோற்பவம் ஆயிரம் பேருக்கு ஊசி போட்டிருக்கிறாள், தையல் பிரித்திருக்கிறாள், இறந்தவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறாள், ஆனால் ஒரு பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுத்ததில்லை. தியேட்டருக்குப் போகிறவளுக்குப் பூ எடுக்கிற நேரம் வந்தால் அவளுக்கு எங்காவது ஒரு வேலை வந்துவிடும், மருந்து அலமாரி பூட்ட வேண்டியிருக்கும், போன் வந்திருக்கும், ஏம்மா நீ போய் எடுத்துரு என்று எவளையாவது அனுப்பிவிடுவாள். பெரிய பதவி வந்ததில் ஒரு வசதி அது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசைக்குப் போகுமுன் அரை முழம் வாங்கித் தருகிற அவள் புருஷனுக்குக்கூட.

நாலே முக்கால். பேனா அந்த இரண்டு சொல்லிலேயே நின்றது. ஆறாம் படுக்கையில் ராக்கம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன், மதுரையிலிருந்து டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், ஆறு மணிக்குத் தியேட்டர். செம்பட்டிக்காரி, நாலு நாளாகப் புருஷன் தினம் நாலு மணிக்கு மணி அடித்தாற்போல வந்து நிற்பான், வாழையிலையில் சுற்றின அரை முழத்தைக் கூச்சத்தோடு நீட்டுவான், தொட்டியைக் காட்டினால் பாதியைப் போட்டுவிட்டுப் பாதியை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போவான், செங்கமலம் கண்டுகொள்ள மாட்டாள். இன்றைக்கு இன்னும் காணோம். ராக்கம்மாள் தலையில் இருந்தது நேற்றைய பூ, ஓரம் பழுத்துவிட்டது. ஒருமுறை ஒன்பதாம் படுக்கைக்காரியிடம் மணி கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை, சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பைக்கில் வருகிறவன், ரோட்டில் லாரி அதிகம் என்று அமலோற்பவத்துக்கே தோன்றியது, சே என்று அதைத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து ஷாலினி ட்ரேயோடு வந்தாள், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், கெட்டிக்காரி, கை வேகம். ஆறாம் படுக்கையருகே போனாள், ராக்கம்மாளின் வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ட்ரேயில் அவை விழுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. சிரித்த முகம்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. ராக்கம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை அமலோற்பவத்துக்குத் தெரியும். ஷாலினியின் கை கொண்டைப் பக்கம் போயிற்று.

"ஷாலினி, கையை எடு." வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, ஷாலினி சூடு பட்டவள் போல நின்றாள். அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு அமலோற்பவம் நடந்தாள், வாசலிலிருந்து ஆறாம் படுக்கைக்குப் பதினெட்டு அடி, அலமாரி பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என ஒரு நினைப்பு வந்தது, அது பூட்டித்தான் இருக்கிறது என்று அதற்குப் பதில் சொன்னாள். முதலில் ராக்கம்மாளிடம் புருஷன் நம்பரைக் கேட்டாள். அந்தப் பெண் எதற்கு என்று கேட்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அமலோற்பவம் தன் போனில் அந்த நம்பரைப் போட்டாள், நாலு தரம் அடித்தது, ஐந்து தரம் அடித்தது, யேசுவே எடுக்கச் சொல் அவனை என்றாள் உள்ளுக்குள். ஏழாவது தரம் அடிக்கும்போது எடுத்தான். திண்டுக்கல்லுக்குள் வந்த பிறகு பஞ்சராம், கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தானாம், இதோ கிளம்பிவிட்டேன் என்று கத்தினான். அவள் போனை ராக்கம்மாள் காதில் வைத்தாள். ராக்கம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள், கடைசியில் சரி, பைய வாங்க என்று மட்டும் சொன்னாள், அதைச் சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. பிறகு அமலோற்பவம் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். "ஆபரேஷனுக்குப் போறப்போ தலையில பூ, பின்னு எதுவும் இருக்கக்கூடாதும்மா. அதுக்காகத்தான் எடுக்கிறேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. எடுக்கட்டுமா?" ராக்கம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். சைடு பின் இரண்டு இருந்தது. முதல் பின் சுலபமாக வந்தது, இரண்டாவது முடியில் சிக்கிக்கொண்டது, நிதானமாக விடுவித்தாள். நாரை அறுக்காமல் சரத்தை முழுசாக எடுத்தாள். பக்கத்தில் நின்ற ஷாலினியிடம் வகுப்பில் சொன்னது எங்கே போச்சு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள், வகுப்பில் சொன்னது பாதிக் கதைதானே.

நாற்காலிக்குத் திரும்பியபோது ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம். விரலில் மல்லிகையும் டெட்டாலும் மணத்தது, துடைக்கவில்லை. வேகமாக எழுதினாள். பொது வார்டில் தலையில் வைத்துக்கொள்ள அரை முழம் வரை பூ அனுமதிக்கலாம். தலையணைக்கடியில் பிரசாதப் பூ ஒருநாள் இருக்கலாம். தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைக்கும் போகுமுன் பூவை எடுக்க வேண்டும். எடுக்கும் ஊழியர் காரணத்தைச் சொல்லிவிட்டு எடுக்கவும். முடிந்தால் வீட்டார் முன்னால் எடுக்கவும். வாசலில் வைத்துத் தலைப்பூவில் யாரும் கைவைக்கக் கூடாது. டாக்டர் நிவேதனுக்குக் கோபம் வரும், வரட்டும், எட்டுப் பக்கத்தில் இது இல்லை. நிர்வாகிக்கும் கடை போயிற்று. ஏன் இப்படி என்று இருவரும் கேட்பார்கள், அதற்குக் காரணம் மேலே பாதியில் நிற்கிற அந்த வரிதான், முன்பு ஒரு நர்ஸ். அதை முடித்தால் போதும், கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம், எல்லோரும் நல்ல கதை என்பார்கள், எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி என்று விட்டுவிடுவார்கள். ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறது. ஒரு தப்பு கிடையாது. அப்போது படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது, ராக்கம்மாளின் புருஷன், சட்டையெல்லாம் கிரீஸ், கையில் வாழையிலைப் பொட்டலம். செங்கமலம் தொட்டியைக் காட்டுமுன் உள்ளே பாய்ந்துவிட்டான். கட்டிலுக்கு இரண்டடி இருக்கும்போது பெண்டாட்டியின் வெறும் கொண்டை கண்ணில் பட்டது, அப்படியே நின்றான், முகம் செத்துவிட்டது. எங்கடி பூவு என்றான்.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் ராக்கம்மாள். "பெரிய சிஸ்டரு சொல்லிட்டுத்தான் எடுத்தாங்க."

அமலோற்பவம் தாளைப் பார்த்தாள். முன்பு ஒரு நர்ஸ் என்பதில் பின்னிரண்டு சொல்லையும் ஒரே கோடாக அடித்தாள். அடித்தது படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வேறு தாள் எடுக்கவில்லை. மேலே, இடம் போதாமல் கொஞ்சம் சின்ன எழுத்தில், நான் என்று எழுதினாள். மீதி வரி தானாக வந்தது.